கண்டெடுத்தது கண்ணா, காயமா?

“திறமை இருந்தால் எப்படியும் வெளிவந்தே தீரும்” என்றொரு வாசகம் நமது நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. பரிசளிப்பு விழா மேடைகளில் பிரதம விருந்தினர் அதனை மொழிகின்றார். விளையாட்டுப் பக்கங்களில் பத்திரிகையாளர் அதனை எழுதுகின்றார். தெரிவுப் பட்டியலில் வன்னிப் பிள்ளை ஒன்றின் பெயரும் இல்லையே என்று கேட்டால், அதிகாரியும் அதனையே விடையாகத் தருகின்றார். கேட்பதற்கு இனிய வாசகம்; சொல்பவருக்கு அதனால் ஒரு சதமும் செலவில்லை. ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. வெளிவந்தவனிடம் திறமை இருந்ததென்றால், வெளிவராதவனிடம் திறமை இல்லையென்று ஆகிறது. பாதையில்லாத ஊரில் பிறந்த பிள்ளையின் தலையிலேயே பாதையின்மையின் பழியும் சுமத்தப்படுகின்றது.

இவ்வாசகத்துக்குச் சான்றாகச் சில கதைகள் காட்டப்படுகின்றன. எல்லோராலும் ஒதுக்கப்பட்டு, கடைசியில் போனாற்போகட்டும் என்று எடுக்கப்பட்டு, பின்னர் உச்சியை அடைந்த வீரரின் கதைகள் அவை. மாணாக்கரை ஊக்குவிக்க நாமும் அவற்றை வகுப்பறையில் சொல்கின்றோம். அக்கதைகள் பொய்யல்ல. ஆனால் அவற்றைப் பாதியில் நிறுத்தாமல் முழுவதும் வாசித்தோமாயின், எந்த வாசகத்துக்குச் சாட்சியாக அவை அழைக்கப்பட்டனவோ அதற்கு எதிராகவே சாட்சி சொல்லக் காண்போம்.

முதலில் அமெரிக்காவை நோக்குவோம். விளையாட்டு வீரரைத் தெரிந்தெடுப்பதற்கென்று அந்நாட்டினர் அளவுக்குப் பணமும் ஆளும் கருவியும் செலவிடுவோர் வேறெவருமிலர். வாசகம் உண்மையாயின் அங்கேயே அது முதலில் மெய்ப்பட வேண்டும்.

அமெரிக்கர் ‘ஃபுட்போல்’ என்று அழைப்பது நாம் ஆடும் உதைபந்தாட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. அதிலே பந்தைக் கையேற்று, எதிரணியினர் தன்மேல் பாய்ந்து விழுவதற்குள் எவருக்கு எறிவது என்று ஓரிரு விநாடியில் தீர்மானிப்பவருக்குக் ‘குவார்ட்டர்பக்’ என்று பெயர். அணியின் தலைவிதி பெரும்பாலும் அவர் கையில். பல்கலைக்கழகங்களில் ஆடி முடித்த இளைஞரைத் தொழில்முறை அணிகள் ஆண்டுக்கொரு முறை வரிசைப்படி பங்கிட்டுக்கொள்கின்றன. 1936இல் தொடங்கிய இவ்வழக்கம் ‘டிராஃப்ட்’ எனப்படும். இன்று அதில் ஏழு சுற்றுகள். முதற்சுற்றில் எடுக்கப்படுபவன் அன்றே செல்வந்தனாகின்றான். கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்படுபவனுக்கு அணியில் ஓர் இடந்தானும் உறுதியில்லை.

பங்கீட்டுக்கு முன்னர் இளைஞர்களை ஓரிடத்தில் திரட்டி அளக்கின்றனர். உயரம், நிறை, உள்ளங்கையின் அகலம், நாற்பது யார் ஓட்டம், நின்றபடி மேலெழும் பாய்ச்சல் எனச் சந்தையில் மாடு பார்ப்பதுபோல் எல்லாம் பார்க்கப்படும். 2000ஆம் ஆண்டில் இவ்வாறு அளக்கப்பட்டவர்களுள் மிச்சிகன் பல்கலைக்கழகத்து டொம் பிரேடியும் ஒருவர். நாற்பது யாரை ஓட அவருக்கு 5.28 செக்கன் சென்றது. மெலிந்த உடல், மந்தமான கால்கள். ஆறாம் சுற்றில், 199ஆவது ஆளாக, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி அவரை எடுத்தது. அவருக்கு முன்னதாக வேறு ஆறு குவார்ட்டர்பக்குகள் எடுக்கப்பட்டிருந்தனர். 2021 வரையில் அவர் ஏழு முறை சம்பியன் பட்டம் வென்றார். அந்த ஆட்டத்தின் வரலாற்றில் வேறெவரும் அத்தனை முறை வென்றதில்லை.

இக்கதையைச் சொல்வோர் வழக்கமாக இங்கே நிறுத்திவிட்டு, பேட்ரியட்ஸ் அணியினரின் கழுகுக் கண்ணைப் போற்றுவர். கழுகுக் கண்ணா? அதே ஆண்டில் அதே அணி, பிரேடிக்கு முன் வேறு ஆறு பேரை எடுத்தது. அவர் அவ்வணியின் ஏழாவது தெரிவு. அவருடைய பெறுமதியை உணர்ந்திருந்தால் ஐந்து சுற்றுகள் முழுவதும் அவரை அம்பலத்தில் நிற்க விட்டிருப்பார்களா? எடுத்த பின்னும் முதலாண்டில் அவர் ஏறத்தாழ முழுவதும் வாங்கிலேயே இருந்தார். அடுத்த ஆண்டு, 2001இல், ட்ரூ பிளட்சோ என்னும் தனது முதல்நிலைக் குவார்ட்டர்பக்குடன் அணி பத்தாண்டு ஒப்பந்தம் செய்தது. பத்தாண்டுக்குப் பிரேடியின் தேவை இல்லையென்பதே அதன் பொருள். அவ்வாண்டு செப்டெம்பர் 23ஆம் நாள் பிளட்சோ களத்தில் மோதுண்டு உட்காயமுற்றார். வேறு வழியின்றிப் பிரேடி இறக்கப்பட்டார். நாலரை மாதத்தின் பின் அவர் சம்பியன்.

பிரேடியைக் கண்டெடுத்தது எவருடைய கண்ணும் அன்று, பிளட்சோவின் காயம்.

இஃது ஒருவர் கதை என்று எண்ண வேண்டாம். கேர்ட் வார்னரை 1994ஆம் ஆண்டின் பங்கீட்டில் ஒரு சுற்றிலும் எவரும் எடுக்கவில்லை. அவர் அயோவா மாநிலத்தில் ஒரு பலசரக்குக் கடையில் இரவு நேரத்தில் தட்டுகளில் சாமான் அடுக்கும் வேலை பார்த்தார். 1999 ஓகஸ்ட்டில், சென். லூயிஸ் ராம்ஸ் அணியின் ட்ரென்ட் கிரீன் முழங்கால் முறிந்து வீழ்ந்ததால் வார்னருக்கு இடம் கிடைத்தது. அப்பருவத்திலேயே அவர் அந்நாட்டின் மிகச் சிறந்த வீரராகத் தெரிவானார்; அணியும் பட்டம் வென்றது. 2022ஆம் ஆண்டின் பங்கீட்டில் 262 பேர் எடுக்கப்பட்டனர். 262ஆவது ஆள் புரொக் பேர்டி. கடைசியாக எடுக்கப்படுபவனுக்கு அங்கே ‘பொருட்படுத்தத் தகாதவர்’ என்ற கேலிப் பட்டமும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ அணியில் அவருக்கு முன்னிருந்த இருவரும் அதே ஆண்டில் ஒருவர்பின் ஒருவராகக் காயமுற்றனர். பேர்டி களமிறங்கினார், 2024 பெப்ரவரியில் அவ்வணியை இறுதியாட்டம் வரை கொண்டு சென்றார்.

அமெரிக்காவை விட்டு நமக்கு அண்மையில் வருவோம். இந்தியாவின் ஐ.பி.எல். துடுப்பாட்டப் போட்டிக்கு 2022இல் நடந்த பெரும் ஏலத்தில் ரஜத் பட்டிதாரை எவரும் வாங்கவில்லை. பெங்களூர் அணியில் ஒருவர் காயமுற்றதனால் மாற்று ஆளாக அவர் அழைக்கப்பட்டார். அவ்வாண்டு மே 25ஆம் நாள், தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டத்தில், ஆட்டமிழக்காமல் 112 ஓட்டங்கள் எடுத்தார். 2025இல் அவ்வணி தன் முதலாவது கிண்ணத்தை வென்றபோது அதன் தலைவர் அவரே.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை. இருபது வயதுவரை டென்னிஸ் பந்திலே ஊர் ஆட்டம் ஆடியவர். 2020இன் இறுதியில் இந்திய அணியுடன் அவர் அவுஸ்திரேலியாவுக்குச் சென்றது ஆடுவதற்கன்று. பயிற்சி வலையில் மற்றவர்களுக்குப் பந்து வீசுவதற்கு. அணியினர் ஒவ்வொருவராகக் காயமுற, அந்த ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அவர் இந்தியாவுக்காக அறிமுகமானார். 2021 ஜனவரியில் பிறிஸ்பேன் டெஸ்டில் அவர் கையில் புதுப் பந்து வந்து சேர்ந்தபோது, முதல்நிலைப் பந்துவீச்சாளர் பலர் மருத்துவர் பொறுப்பில் இருந்தனர்.

நம்மவர் விஜயகாந்த் வியாஸ்காந்தின் கதையும் இவ்வகையினதே. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற இந்தச் சுழற்பந்து வீச்சாளர், 2020 டிசெம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் அறிமுகமானார். 2024 மே மாதத்தில் அவர் ஐதராபாத் அணிக்காக ஐ.பி.எல். களத்தில் இறங்கியபோது வடக்கே வீட்டுக்கு வீடு மகிழ்ச்சி பொங்கியது, அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் அந்த இடம் எவ்வாறு கிடைத்தது? வனிந்து ஹசரங்க குதிகால் உபாதையால் வர முடியாதுபோனமையால் கிடைத்தது.

ஆறு மனிதர், இரண்டு விளையாட்டுகள், மூன்று நாடுகள். ஆறு கதவுகளையும் திறந்தது இன்னொருவரின் காயம். காயத்தின் துணையின்றிக் கடைசி வரிசையிலிருந்து மேலேறியோரும் உளர். அதனை மறுக்க வேண்டியதில்லை. எனினும் இத்தனை பேரின் பெறுமதி, முன்னால் நின்றவர் வீழ்ந்த பின்பே தெரியவந்ததென்றால், வீழாத இடங்களில் பின்னால் நின்றவர்களின் கதி என்ன? பிளட்சோ அன்று சற்று விலகி ஓடியிருந்தால், பிரேடி என்ற பெயர் அமெரிக்காவுக்கே தெரிந்திராது. அப்படித் தெரியாமற்போன பெயர்கள் எத்தனை என்பதை எந்த அளவுநாடாவும் சொல்லாது. வெளிவந்தவரை மட்டும் எண்ணிவிட்டு, ‘திறமை வெளிவந்தே தீரும்’ என்று முடிவு கட்டுவது, கரையேறியவர்களிடம் மட்டும் விசாரித்துவிட்டு ‘இந்தக் கடலில் எவரும் மூழ்குவதில்லை’ என்று அறிக்கை எழுதுவதை ஒக்கும்.

இனி வன்னிக்கு வருவோம். நமது வழக்கின் இடம் அதுவே.

இந்த ஆறு பேருக்கும் பொதுவான இன்னொரு தன்மை உண்டு. காயம் கதவைத் திறந்தபோது அவர்கள் கதவருகே நின்றார்கள். 199ஆவது ஆளும் பட்டியலில் உள்ள ஆள்தான். வலையில் பந்து வீசுபவனும் மைதானத்துக்குள் இருப்பவன்தான். ஏலத்தில் விலைபோகாதவனுக்கும் ஏலத்தில் ஒரு பெயர் இருந்தது. உருத்திரபுரத்துப் பிள்ளைக்கு அந்தக் கடைசி இடமும் இல்லை. உலகத்து வீரர் அனைவரும் ஒரே நாளில் காயமுற்று வீழ்ந்தாலும், அவனைத் தேடி எவரும் வரப்போவதில்லை. அவன் எந்த வரிசையிலும் நிற்கவில்லை.

இரணைமடுக் குளத்து நீர் பாய்ந்து, வாய்க்கால்களின் இலக்கத்தையே குடியிருப்புகள் பெயராகக் கொண்ட நாடு இது. காலபோக அறுவடை முடிந்ததும் அரிதாள் நிற்கும் வயல்களிலே பிள்ளைகள் பந்தடிக்கின்றனர். அங்கே புழங்குவது மென்பந்து. தேசியத் தெரிவிலே கேட்கப்படுவது கடினப்பந்து. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் பந்தின் கனத்தில் மட்டும் இல்லை. கடினப்பந்துக்குக் காற்காப்பு வேண்டும், கையுறை வேண்டும், தலைக்கவசம் வேண்டும், செப்பனிட்ட ஆடுகளம் வேண்டும், அதனைப் பராமரிக்க ஆள் வேண்டும். அந்தத் துடுப்பு ஒன்றின் விலைக்குக் கூலி விவசாயி எத்தனை நாள் வயலில் நிற்க வேண்டும் என்பதை இதனை வாசிக்கும் ஆசிரியர் கணக்கிட்டுக்கொள்ளலாம். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். அங்கே ஒரு காலைத் தெரிவுக்குப் போவதென்றால் பிள்ளைக்கு இரவுப் பயணம், துணைபோகும் தகப்பனுக்கு இரண்டு நாள் கூலி இழப்பு, இருவருக்கும் தங்குமிடம். நித்திரையற்ற கண்ணும் உளைந்த காலுமாக அவன் மைதானத்தில் நிற்கிறான். அவனருகே நிற்கிறவன் வீட்டில் உறங்கியெழுந்து தகப்பனின் காரில் வந்திறங்கியவன். இருவரையும் ஒரே கடிகாரத்தால் அளந்துவிட்டு, ‘அளவு எல்லோருக்கும் ஒன்றே’ என்று கூறுவதற்கு நியாயம் என்று பெயர்.

இதற்கு மேல் காலத்தின் கணக்கும் இருக்கின்றது. 2008இன் பிற்பகுதியில் கிளிநொச்சி மாவட்டத்து மக்கள் அனைவரும் இடம்பெயர்ந்தனர். 2009இல் போர் முடிந்தபின் முகாம் வாழ்வு. அவ்வாண்டின் இறுதியிலும் அதனை அடுத்தும் மீள்குடியேற்றம். அந்த 2009இல் பதுங்குகுழியிலும் கூடாரத்திலும் பிறந்த பிள்ளை, 2024இல் பதினாறு வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஓடும் பிள்ளை. தாயின் வயிற்றிலேயே பட்டினியை அறிந்த உடலை, நாட்டின் பிற பாகங்களில் பாலுண்டு வளர்ந்த உடலோடு ஒரே கோட்டில் நிறுத்தி அளக்கின்றோம்.

உடல் சற்று முன்பின்னாக வளர்வதன் விளைவு எத்தகையது என்பதற்குக் கனடாவில் ஒரு சான்று உண்டு. அந்நாட்டின் பனித்தரை ஹொக்கி அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதியாக இருப்பதை 1980களில் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். வயதுப் பிரிவுக்கு எல்லை ஜனவரி முதலாம் நாள். ஆகவே சிறுவர் அணித் தெரிவில் ஜனவரியில் பிறந்தவன், டிசெம்பரில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவன், சற்றுப் பெரியவன். பெரியவனாக இருந்ததால் எடுக்கப்பட்டான். எடுக்கப்பட்டதால் பயிற்சி பெற்றான். பயிற்சி பெற்றதால் சிறந்தவனானான். பின்னர் பார்ப்பவருக்கு முதற்தெரிவு சரியென்றே தோன்றும்! சிலமாத வித்தியாசமே இத்தனை செய்யுமாயின், ஒரு போர் செய்யும் வித்தியாசத்தை எந்தத் தெரிவுக் குழு கணக்கில் எடுத்தது?

“முரளிதரன் வரவில்லையா? மாலிங்க வரவில்லையா?” என்று கேட்பர். வந்தார்கள். எவ்வாறு வந்தார்கள் என்பதையும் பார்ப்போம். முத்தையா முரளிதரன் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த சிறுவன். பதினான்கு வயதளவில் அவரைச் சுழற்பந்துக்குத் திருப்பியவர் அங்கே பயிற்றுநராக இருந்த சுனில் பெர்னாண்டோ. நல்ல மைதானமும் தொடர்ந்த போட்டிகளும் நாள்தோறும் பார்க்கும் ஒரு கண்ணும் இருந்தன. அவற்றின் முடிவு டெஸ்டில் 800 விக்கெற்றுகள். லசித் மாலிங்க காலிக்கு அண்மையில் இரத்கமவில் மென்பந்தோடு வளர்ந்தவர். அவரது எறிபோன்ற வீச்சைக் கண்டதும் திருத்த முனையாமல், அதுவே அவரது பலம் என்று உணர்ந்தவர் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் சம்பக்க ராமநாயக்க. இவ்விரு கதைகளும் எதனைக் காட்டுகின்றன? பார்க்கத் தெரிந்த ஒருவர் பிள்ளை ஆடும் இடத்திலே இருந்தார் என்பதைக் காட்டுகின்றன. அப்படியொருவர் வாய்க்கால் ஓரத்து வயல்வெளிக்கு என்று வந்தார்?

அளவுநாடாவுக்குத் தெரிவது ஒன்று, தெரியாதது ஒன்று. யாழ்ப்பாணத்து ஈவினையிற் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 2.08 மீற்றர். வலைப்பந்தாட்டத்தில் 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியப் பட்டம் வென்றபோது அணியின் தூண் அவரே. அவரது உழைப்பையும் குறிதவறாக் கையையும் குறைத்துச் சொல்பவர் எவருமிலர். ஆயினும் அத்தகைய உயரத்தை ஒளிக்க முடியாது. குருடனுக்கும் அது புலப்படும். ஒளிந்து கிடப்பவை வேறு. அடுத்த கணத்தில் பந்து எங்கே வரும் என்று முன்னறியும் மனம், தோல்வியின் விளிம்பில் நடுங்காத கை, பதினொருவரை ஒன்றாக இயங்கவைக்கும் சொல் ஆகியவற்றுக்கு அளவுநாடா இல்லை. பிரேடியிடம் இருந்தவை அவையே, 5.28 செக்கன் அவற்றைக் காட்டவில்லை. அவற்றைக் காண வேண்டுமாயின், பிள்ளையை ஒரு காலைப்பொழுதன்று, ஓர் ஆண்டு முழுவதும் பார்க்க வேண்டும். ஆண்டு முழுவதும் பார்ப்பதற்கு ஆண்டு முழுவதும் ஊரில் ஆட்டம் நடைபெற வேண்டும்.

அமெரிக்கப் பங்கீட்டு முறையை நான் போற்றுவதாக எண்ண வேண்டாம். தன் உழைப்பை யாருக்கு விற்பது என்று தீர்மானிக்கும் உரிமையையே அது தொழிலாளியான வீரனிடமிருந்து பறிக்கின்றது. முதலாளிகள் கூடிப் பேசி ஆளைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆனாலும் அதிலே ஒரு விதி இருக்கின்றது. நம்மவர் அதனை உற்று நோக்க வேண்டும். சென்ற பருவத்தில் எந்த அணி ஆகக் கடைசியில் வந்ததோ, அதற்கே முதலாவதாகத் தெரிவு செய்யும் உரிமை. வென்ற அணி வரிசையின் இறுதியில் நிற்கும். அறத்தை எண்ணி அவர்கள் இதனைச் செய்யவில்லை. எப்போதும் ஒரே அணி வென்றால் கூட்டம் குறையும், வியாபாரம் படுக்கும் என்றே செய்தார்கள். பின்தங்கியவனுக்கு முன்னிடம் கொடாவிட்டால் ஆட்டமே அழிந்துபோகும் என்று வியாபாரிக்குத் தெரிந்திருக்கின்றது. நமது நாட்டிலோ, மைதானம் உள்ள பாடசாலைக்கே மேலும் ஒரு மைதானம். பயிற்றுநர் உள்ள கல்லூரிக்கே மேலும் ஒரு பயிற்றுநர். உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படுகின்றது. பின்னர் அவன் வென்றது அவன் திறமையால் என்று எழுதப்படுகின்றது.

பின்தங்கிய இடத்துக்கு ஈடு செய்வது இந்நாட்டுக்குப் புதியதும் அன்று. 1970களின் தரப்படுத்தல் தமிழ் மாணவர் உள்ளத்தில் ஏற்படுத்திய காயத்தை எவரும் மறக்கவில்லை. மொழியைக் கொண்டு புள்ளியை வெட்டியது அநீதியே. எனினும் அதன்பின் நிலைபெற்ற பல்கலைக்கழக அனுமதி முறையில், 40 சதவீதம் நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டத்துக்கும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்குமென வகுக்கப்பட்டது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகியன அப்பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. பிள்ளை எழுதும் புள்ளியில் அவன் பிறந்த இடமும் எழுதுகின்றது என்பதைக் கல்வியில் ஏற்றுக்கொண்ட அரசு, விளையாட்டில் ஏன் ஏற்க மறுக்கின்றது?

இவ்விடத்தில் நமது முகாமிலிருந்தே ஒரு குரல் எழும்: “விளையாட்டு மக்களை மயக்கும் அபின். ஏலத்தில் மனிதரை விலைபேசும் கூத்துக்கு நாம் ஏன் ஆள் சேர்த்துக் கொடுக்க வேண்டும்?” அபின் என்று ஒதுக்குவோருக்கு ட்ரினிடாட்டின் சி. எல். ஆர். ஜேம்ஸை நினைவூட்டுவேன். மார்க்சியவாதியான அவர், மேற்கிந்தியத் துடுப்பாட்ட அணிக்கு வெள்ளையரே தலைவராக வேண்டும் என்ற வழக்கத்தை எதிர்த்துத் தன் பத்திரிகையில் இடைவிடாது எழுதினார். 1960–61 அவுஸ்திரேலியப் பயணத்துக்குப் பிராங்க் வொறல் தலைவரானார். ஒரு தொடர் முழுவதற்கும் அப்பதவி வகித்த முதற் கறுப்பினத்தவர் அவரே. நிறவெறி எங்கே எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நிற்கிறதோ அங்கே அதனைத் தாக்குவது ஜேம்ஸின் முறை. விளையாட்டு மைதானம் அத்தகைய இடம். பரீட்சை மண்டபத்தில் மறைந்து நிற்கும் வர்க்கம், மைதானத்தில் சப்பாத்துடனும் சப்பாத்தின்றியும் வெளிப்படையாக நிற்கின்றது. ஏலத்தை வெறுப்போம், அதற்காக வயலில் ஓடும் பிள்ளையின் மகிழ்ச்சியை ஏலக்காரனுக்கே விட்டுக்கொடுக்க வேண்டுமா?

வேறு சிலர், “கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியரில்லாத பாடசாலைகளில் பந்துக்கு எங்கே போவது?” என்பர். துயரமான கேள்வி; நேர்மையானதும் கூட. ஆனால் ஆசிரியரைத் தராத அதே கைதான் மைதானத்தையும் தரவில்லை. இரு பசியை மோதவிட்டுச் சோற்றைத் தன்னிடமே வைத்திருக்கும் தந்திரத்துக்கு நாம் துணைபோகலாகாது. சாதாரண தர ஆண்டு வந்ததும் உடற்கல்விப் பாடவேளையை மற்றப் பாடங்களுக்குப் பிடுங்கிக் கொடுக்கும் வழக்கம் பல பாடசாலைகளில் இருப்பதை ஆசிரியத் தோழர் அறிவர். அந்தப் பாடவேளையில் மட்டுமே தலைநிமிரும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பதையும் அவர்கள் அறிவர்.

என்ன செய்ய வேண்டும்? கேட்பவை பெரியன அல்ல. தெரிவாளர் வடக்கே வரட்டும். முந்நூறு கிலோமீற்றரைப் பிள்ளை கடப்பதிலும் சம்பளம் வாங்குபவர் கடப்பதே முறை. ஒவ்வொரு கல்விக் கோட்டத்திலும் ஒரு கடினப்பந்து ஆடுகளமும், பாடசாலை பாடசாலையாகச் சென்று ஆண்டு முழுவதும் பார்க்கும் ஒரு பயிற்றுநரும் வேண்டும். பதினைந்து வயதில் ஒதுக்கப்பட்டவனுக்குப் பதினேழிலும் இருபதிலும் மீண்டும் நுழைய வழி இருக்க வேண்டும். தாமதமாக வளரும் உடலுக்குத் தாமதமான வாசல் வேண்டும். ஒவ்வொரு தேசியத் தெரிவிலும் எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் பார்க்கப்பட்டனர், எத்தனை பேர் எடுக்கப்பட்டனர் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடட்டும். எடுக்கப்பட்டோர் எண்ணிக்கையைவிட, பார்க்கப்பட்டோர் எண்ணிக்கையே எமக்கு முக்கியம்.

சின்னப்பம்பட்டி நடராஜன் பின்னர் என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புகழும் பணமும் வந்தபின், ‘என்னைப்போல் உழைத்தால் நீங்களும் வரலாம்’ என்று ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதோடு அவர் நின்றுவிடவில்லை. தன் ஊரிலேயே ஒரு மைதானத்தை அமைத்தார். 2023 ஜூனில் அது திறக்கப்பட்டது. தான் வந்த வழியால் இன்னொருவன் வர முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கின்றது. ‘திறமை வெளிவந்தே தீரும்’ என்ற வாசகத்துக்கு, அவ்வாசகத்தின் சான்றாகக் காட்டப்படும் மனிதனே மண்ணில் எழுதிக் கொடுத்த மறுப்பு அந்த மைதானம். ஆனால் ஒரு தனிமனிதன் தன் உழைப்பின் ஊதியத்திலிருந்து செய்ததை, வரி வாங்கும் அரசு செய்யாதிருப்பது வெட்கக்கேடு.

அதுவரை நமது கையில் இருப்பதை நாம் செய்யலாம். வகுப்பறையும் ஒரு தெரிவுக் களமே. அங்கும் முதல் வாங்கு உண்டு, கடைசி வாங்கு உண்டு. விரைவாக விடை சொல்பவன் கெட்டிக்காரன், சிந்தித்துச் சொல்பவன் மந்தன் என்று எழுதும் 5.28 செக்கன் கடிகாரம் உண்டு. ஒருமுறை பார்த்துக் குறித்த மதிப்பை இரண்டாம் தவணையிலும் மூன்றாம் தவணையிலும் மீண்டும் பார்க்கும் ஆசிரியர், எந்த அரசின் சுற்றறிக்கைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வன்னிப் பிள்ளைக்கு வேண்டியது இரக்கம் அன்று. வரிசையில் ஓர் இடம். அந்த இடம், தென்னிலங்கையில் யாரோ ஒரு தாயின் பிள்ளை கால் முறிந்து வீழ்வதனால் கிடைக்க வேண்டியதில்லை. அவனும் ஓடட்டும், அவனருகே நம் பிள்ளையும் ஓடட்டும்.